ஆளுக்கொரு அறை

ஜனவரி 6, திங்கள்

நேற்று முடிவாகிவிட்டது, பிரிந்துவிடுவது என்று. கத்தல் இல்லை, அழுகை இல்லை. உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே பேசி முடித்தோம். அவருடைய சட்டைகள் ஒரு அடுக்கு, என்னுடையது ஒரு அடுக்கு, மகளுடையது நடுவில். "இப்படியே எத்தன நாள் ஓட்டறது?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "ஓட்ட வேணாம்" என்றேன். பத்தொன்பது வருடக் குடித்தனம். துணி மடித்து முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரிகளும் விளக்குகளும்; பின்னால் லென்ஸ் அறுக்கும் மெஷின், ஒரு ஸ்டூல், நான். சாப்பாட்டு நேரம் அரை மணி. வீட்டில் எழுத முடியாது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை. எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

இத்தனை வருடம் வெளியாட்களிடம் பேசும்போது 'இவர்' என்றுதான் சொல்வேன். இனி 'அவர்' என்று பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மேலே பார்த்தால், ஏற்கெனவே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கை முந்திக்கொண்டது.

ஜனவரி 9, வியாழன்

ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? குடியில்லை, அடியில்லை, வேறொருத்தி இல்லை. "அப்புறம் என்னடி குறை?" என்றுதான் கேட்பார்கள்.

எட்டு வருடத்துக்கு முன் என் தங்கை இருக்கும் ஊரில் அவருக்கு ஒரு வேலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இங்கே செய்கிற அதே லிஃப்ட் பராமரிப்பு. சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் குடியிருக்க வீடு கொடுப்பதாகச் சொன்னார்கள். நான்தான் முடியாது என்றேன். மகளுக்கு அப்போதுதான் இங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. அலையாய் அலைந்து வாங்கிய இடம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாடகை ஏறும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். "என்ன?" என்றால், "நான் ஒண்ணும் சொல்லலையே" என்பார். அவர் சொல்லாததைத்தான் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 18, சனி

அவர் தனியாகப் போவதென்றால் ஓர் அறை வேண்டும். அல்லது நான் போக வேண்டும். வேலைக்கு வரும் வழியில் வீட்டுத் தரகரைப் பார்த்தேன். "தனியா லேடியா? என்ன காரணம்?" என்றார். காரணத்துக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். "வேலை" என்றேன்.

ஓர் அறை காட்டினார். ஜன்னல் கிடையாது. கட்டிலின் காலை ஒட்டி அடுப்பு. "படுத்துக்கிட்டே சமைக்கலாம்மா, அவ்வளவு வசதி" என்றார். சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வாடகையைச் சொன்னார். அதற்கு நான்தான் சிரித்தேன்.

பத்து மாத வாடகை முன்பணம். என் சம்பளத்தில் இரண்டு வருடம் சாப்பிடாமல் இருந்தால் கிடைக்கும்.

பிரிவதற்கும் வசதி வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டுச் சொந்தக்காரர் நேற்று மாடி ஏறி வந்தார். தங்கமான மனுஷன், ஒரு நாள் கூடக் குரல் உயர்த்தியதில்லை. நாங்கள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வாடகை எவ்வளவு என்று சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கச் சுவரைப் பார்த்தோம்.

"திடீர்னு இவ்வளவு கேட்டா எப்படிங்க?" என்றேன்.

"நானா கேக்கறேன்? மார்க்கெட் கேக்குதும்மா."

மார்க்கெட் என்ற அந்த ஆளை ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும். எந்தத் தெருவில் குடியிருக்கிறான், என்ன வாடகை கொடுக்கிறான்?

பிப்ரவரி 10, திங்கள்

யோசனை அவருடையது. படுக்கையறையை உள்வாடகைக்கு விட்டுவிடுவது. வருகிற பணத்தில் ஏறிய வாடகை போக மிச்சத்தைச் சேர்த்தால், மகளின் படிப்பு முடிவதற்குள் இன்னோர் இடத்துக்கு முன்பணம் தேறிவிடும். அதற்குப் பிறகு அவர் போய்விடுவார்.

அதாவது, தனித்தனியாகப் போக வேண்டும் என்பதற்காக, அதுவரை மூன்று பேரும் ஒரே ஹாலில் படுக்க வேண்டும். பைத்தியக்காரத்தனம். ஆனால் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சரியாக வருகிறது.

மகளிடமும் நேற்றே சொன்னோம். பிரிகிறோம் என்பதை அவர் சொன்னார், அறையை விடப் போகிறோம் என்பதை நான் சொன்னேன். முதலில் சொன்னதற்கு "தெரியும்" என்றாள். இரண்டாவதுக்கு மட்டும், "அப்ப நான் எங்க படிக்கறது?" என்றாள்.



மார்ச் 3, திங்கள்

அறைக்கு ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். இருபத்தைந்து வயசு இருக்கும். ஒரு பெட்டி, ஒரு மின்விசிறி, குடும்பப் படம் ஒன்று. நான் என் அலமாரியைக் காலி பண்ணும்போது வாசலிலேயே நின்றுகொண்டு, "மெதுவா பண்ணுங்கக்கா, அவசரமில்ல" என்று நாலு தடவை சொன்னாள். யாருடைய வீட்டையோ பிடுங்கிக்கொள்வது போல அவள் முகம். எனக்கே பாவமாக இருந்தது.

எங்கள் கட்டில் இப்போது அவளுடையது. நானும் மகளும் ஹாலின் ஒரு பக்கம். அவர் வாசலை ஒட்டி. இடையில் சாப்பாட்டு மேசையைக் குறுக்கே போட்டிருக்கிறோம். அதுதான் எல்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் டீ போடும்போது நர்ஸ் சொன்னாள்: "உங்க ரெண்டு பேர மாதிரி சண்டையே போடாத ஜோடிய நான் பார்த்ததே இல்லக்கா. எங்க வீட்ல எல்லாம் பாத்திரம் பறக்கும்."

பேசினால்தானே சண்டை வரும், பெண்ணே.

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த அவருக்கும் அது கேட்டிருக்கிறது. தலை நிமிராமலே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் கூச்சமாகப் போய்விட்டது.

ஏப்ரல் 4, வெள்ளி

மகள் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறாள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். அங்கே விளக்கு நன்றாக இருக்கிறதாம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அதனால் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நேற்று நான் வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு அவளைத் தாண்டினார். அவள் நிமிராமலே காலை மடக்கி வழி விட்டாள். அந்த மடக்கல் பழகிப்போன மடக்கல்.

"உள்ள வந்து படிடா" என்றேன்.

"உள்ள நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறது சத்தமா இருக்கும்மா."

பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று ஒரு லென்ஸை உடைத்தேன். பதினோரு வருடத்தில் இது மூன்றாவது. பவரைச் சரியாகக் குறித்து, அச்சும் சரியாகப் பார்த்து, கடைசியில் ஓரம் தேய்க்கும்போது விட்டேன். ஃபிரேம் என் மூன்று மாதச் சம்பளம். வந்தவர் அதே மாதிரி இரண்டு எடுத்தார், ஒன்று காரில் வைத்துக்கொள்வதற்கு. லென்ஸ் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

உடைந்ததற்குக் காரணம் மெஷின் இல்லை. காலையில் மகளுடைய பள்ளியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மூன்று பாடத்தில் மார்க் குறைந்திருக்கிறது. "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று டீச்சர் கேட்டார். பிரச்சினை இல்லை, இடம்தான் இல்லை என்று சொல்ல வந்தது. "பார்த்துக்கறேன் டீச்சர்" என்றேன்.

மே 12, திங்கள்

நேற்று மகள் எனக்கு முன்னாலேயே எழுந்து, குளித்து, தலை வாரி, எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னாள். பெரிய மனுஷி மாதிரி. மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், தலைமாட்டில் அவள்.

"நான் சித்தி வீட்டுக்குப் போறேன். அங்கயே படிக்கறேன். சித்திகிட்ட பேசிட்டேன். ஸ்கூல்லயும் சித்தப்பா கேட்டுட்டாரு, இடம் இருக்காம்."

யாரைக் கேட்டுப் பேசினாய், எப்போது பேசினாய் என்று நான் கத்த ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை.

"நான் இருந்தா உங்களுக்கு ஒரு வீடு வேணும்மா. நான் இல்லன்னா ஆளுக்கொரு ரூம் போதும். சேர்த்த பணமும் இந்த வீட்டு அட்வான்ஸும் போதும், நான் பார்த்துட்டேன்."

பார்த்துவிட்டாளாம். மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போடுகிறாள் என்று நினைத்திருந்தேன் — இந்தக் கணக்கையா போட்டுக்கொண்டிருந்தாள்? பெத்தவங்க ரெண்டு பேருக்கு நடுவுல தான் ஒரு செலவுன்னு ஒரு பொண்ணு நினைக்கற அளவுக்கு விட்டிருக்கேனே, நான் என்ன அம்மா? நான் என்ன ஜென்மம்?

எழுத முடியவில்லை. கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

மே 13, செவ்வாய்

நேற்று மாலை அவள் இல்லாத நேரத்தில் கடைசியில் சண்டை போட்டோம். முறையாக. நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள், நல்லவேளை.

"எந்த ஸ்கூலுக்காக என்னைக் கட்டிப் போட்டியோ, அந்த ஸ்கூல வேணாம்னு அவளே போறா" என்றார். எட்டு வருடமாக உள்ளே வைத்திருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவர் முகத்தில் ஒரு திருப்தியும் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எல்லாரும் போகலாம். இப்பவே போகலாம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவர் போனை எடுத்து அந்த ஆஸ்பத்திரிக்கே பேசினார். இப்போது அந்த வேலையை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்களாம். தனி ஆள் எடுப்பதில்லை. நான் தங்கையிடம் கேட்டேன். அவர்கள் ஊரில் இரண்டே கண்ணாடிக் கடை. ஒன்றில் அப்பனும் மகனும், இன்னொன்றில் லென்ஸை இந்த நகரத்துக்கே அனுப்பி அறுத்து வாங்குகிறார்கள். ஒருவேளை நானே அறுத்திருப்பேன்.

"வாங்கக்கா, பார்த்துக்கலாம்" என்றாள் தங்கை. இரண்டு பேரும் வேலையில்லாமல் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பதா? மகள் ஒருத்தி போனால் விருந்து. மூன்று பேர் போனால் பாரம். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்.

மே 20, செவ்வாய்

அவளுடைய முடிவை மாற்றச் சொல்லி ஒரு வாரமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. நேற்று தானே போய்ப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜூன் 2, திங்கள்

பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் தண்ணீர் பாட்டிலை இரண்டு தடவை வாங்கிக் கொடுத்தார். முதலில் வாங்கியதை மறந்துவிட்டார்.

"சண்டை போடாதீங்க" என்றாள். "அது ஒண்ணாவது போடுங்கன்னு சொல்லு" என்றார். சிரித்தாள். பஸ் கிளம்பியது.

திரும்பி வரும்போது பக்கத்துப் பக்கத்தில்தான் நடந்தோம். மாடிப்படியில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், இரண்டு பேருமே ஓரமாக ஒதுங்கி ஏறினோம்.

ஜூன் 30, திங்கள்

வீட்டைக் காலி செய்கிறோம். நர்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்னாலதானாக்கா?" என்றாள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஐந்து பேர் தங்கும் அறையில் ஆறாவதாக ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

பாத்திரங்களைப் பிரிப்பதில் தகராறே வரவில்லை. இரண்டு பேர் போகிற இடத்திலும் பாத்திரம் வைக்க இடமில்லை. "நீ வச்சுக்கோ", "இல்ல நீங்க வச்சுக்குங்க" என்று ஒரு மணி நேரம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். பெரிய குக்கரைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தோம். மகள் முன்பு படுக்கையறையில் படித்த மேசையை வாங்க ஆள் வரவில்லை. தெருவில் வைத்துவிட்டு வந்தோம். அரை மணியில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு, "உங்கள மாதிரி குடித்தனக்காரங்க கிடைக்க மாட்டாங்க" என்றார். கிடைத்துவிட்டார்கள். நாளைக்கே வருகிறார்கள், இன்னும் கூட்டிக் கொடுத்து.

ஜூலை 7, திங்கள்

என் அறையில் ஜன்னல் இருக்கிறது. திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டித் தொடலாம். வீட்டுக்காரம்மா கீழே இருக்கிறார். விதிகளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்: ஒருவருக்கு மட்டும். ஆண்கள் வரக் கூடாது. வேறு யாராவது தங்கினால் நாளொன்றுக்கு இவ்வளவு, இரண்டு நாளுக்கு மேல் கூடாது.

அவர் பஸ் டெப்போவுக்குப் பக்கத்தில், ஒரு டிரைவரோடு. கட்டில் பங்கு. பகலில் டிரைவர், இரவில் அவர்.

இதற்குத்தான் ஆசைப்பட்டோம். கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மகள் போனில்: மூன்று பாடத்திலும் முதல். தனி மேசை கொடுத்திருக்கிறார்களாம். சந்தோஷமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஏன் அழுதேன் என்று தெரியவில்லை.

அவருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். ஏற்கெனவே தெரியுமாம். இருந்தும் முதல் தடவை கேட்பது போல முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

அக்டோபர் 4, சனி

மகள் நாளைக் காலை விடுமுறைக்கு வருகிறாள். பத்து நாள் இருப்பதாகத்தான் பேச்சு. வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்றேன். "மகள்தானே, அதனால என்ன" என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. "ரெண்டு நாள். அதுக்கு மேலன்னா இன்னொரு ரூம் எடுத்துக்குங்க" என்றார். இரண்டு நாளுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 6, திங்கள்

மகள் வளர்ந்திருக்கிறாள். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டியிருந்தது. ஒருத்தி திரும்பினால் இன்னொருத்தியும் திரும்ப வேண்டும்.



நேற்று மூன்று பேரும் சேர்ந்து இருப்பதாக ஏற்பாடு. எங்கே? என் அறைக்கு அவர் வரக் கூடாது. அவர் அறையில் டிரைவர் தூங்குகிறார். பூங்காவில் சந்தித்தோம். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிப் பிரிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் ஒதுங்கினோம். ஏதாவது வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பொட்டலம் நனைந்துகொண்டிருந்தது.

"வாங்க" என்று திடீரென்று அவர் நடந்தார்.

அவர் லிஃப்ட் பார்க்கும் புதுக் கட்டடம். வாட்ச்மேன் எங்கள் மூவரையும் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். ஒரு சாவியை எடுத்தார். "பாதி வீடு சும்மாதான் கிடக்கு. வெளிநாட்டுல இருக்கறவங்க வாங்கிப் போட்டது. நாலு வருஷத்துல ஒரு தடவை வந்தாங்க. அஞ்சு மணிக்குள்ள இறங்கிடுங்க."

இருபத்திரண்டாவது மாடி. கதவைத் திறந்ததும் மகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய ஹால். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. குழாயைத் திறந்தால் முதலில் துருத் தண்ணீர். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "மூணு ரூம்மா" என்றாள். 

தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தி வீட்டு நாய் சித்தப்பாவின் ஷூவைக் கடித்த கதையை அவள் சொல்லச் சொல்ல அவருக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டினேன். பிறகு அவள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள், தலை அவர் மடியில், கால் என் மடியில். மழை கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போனது, இரண்டு பேரும் அசையவில்லை.

"கொஞ்சம் இளைச்சிருக்கா" என்றேன்.

"உயரமாயிட்டா. அதான் அப்படித் தெரியுது" என்றார்.

அவ்வளவுதான் பேசினோம். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல பேச்சு பேசியதாக நினைவில்லை.

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது வாட்ச்மேன் கதவைத் தட்டினார். சிந்தியிருந்ததையெல்லாம் என் கைக்குட்டையால் துடைத்தேன். அவர் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். நாங்கள் வந்து போனதற்கு ஓர் அடையாளமும் இல்லாமல் செய்துவிட்டுத்தான் இறங்கினோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்று விடியற்காலை பஸ்ஸில் திரும்பிப் போகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். படிக்க நிறைய இருக்கிறதாம். வேறு எங்காவது தங்கலாம் என்று அவர் சொன்னார், லாட்ஜ் வாடகையைக் கேட்டுவிட்டும் வந்தார். "வேணாம்ப்பா" என்றாள். நாங்கள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கவலப்படாதீங்க. வீட்டுக்குப் போனதும் போன் பண்றேன்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பஸ் போய்விட்டது.

மதியம் இரண்டு மணிக்கு, மெஷினில் லென்ஸ் சுற்றிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது.

"வீட்டுக்கு வந்துட்டேம்மா."

கையைத் துடைத்துக்கொண்டு, "சரிடா" என்று அனுப்பினேன்.